சிரிப்பைக் கழித்தால் மிச்சம் என்ன?

பண்டிகை நாள் காலையில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும். குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா மனைவியா என்கிற ரகத்தில் ஒரு தலைப்பு. முதல் அணிப் பேச்சாளர் நாலு காரணங்களை அடுக்கிவிட்டு உட்காருவார். எதிரணிக்காரர் எழுந்து அந்த நாலில் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். மாமியார் ஜோக் ஒன்றை எடுத்துவிடுவார். அரங்கம் அதிரும். நடுவரே மேசையைத் தட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான், முந்தையவர் சொன்ன நாலு காரணங்களும் போன இடம் தெரியாது.

இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும் கணவன் கணவனாகவும் மனைவி மனைவியாகவும்தான் வீட்டுக்குப் போகப்போகிறார்கள். பட்டிமன்றத்தில் ஜோக் அடிப்பது, கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்குவது போல. அது இல்லாவிட்டால்தான் குறை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், முடிவு ஒன்று எடுத்தே ஆகவேண்டிய இடங்களில் இதே வித்தை நடக்கும்போது. சட்டமன்றம், நீதிமன்றம், அறிவியல் மாநாடு, தேர்தல் மேடை, அலுவலகக் கூட்டம் எல்லாவற்றிலும் பேசுகிறவர்களுக்குச் சில விஷயங்கள் தெரியும், சில தெரியாது. எது தெரியும், எது தெரியாது என்ற கணக்கை நேர்மையாக வைப்பதற்குத்தான் விவாதம் என்று பெயர். ஒருவருடைய சாமர்த்தியமான பேச்சு அந்தக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவரவும் முடியும், அப்படியே மூடி மறைக்கவும் முடியும். கேட்கிறவர்களுக்கு இரண்டுமே ஒரே மாதிரிதான் சிரிப்பைத் தரும். அதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

உலகத்தில் மிகவும் பேசப்பட்ட விவாதங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1860 ஜூன் 30, சனிக்கிழமை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூட்டம். சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. டார்வின் அன்று அங்கே இல்லை, உடம்பு சரியில்லை. தலைமை வகித்தவர் அவருடைய பழைய ஆசிரியர் ஹென்ஸ்லோ. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த டிரேப்பர் என்ற பேராசிரியர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கட்டுரை வாசித்துக் கூட்டத்தைக் களைப்பாக்கிவிட்டார். அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் எழுந்தார்.

மேடைப் பேச்சில் பேர் போனவர். வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு என்பதால் 'சோப்பு சாம்' என்று பட்டப்பெயரே இருந்தது. அரை மணி நேரம் டார்வினை மறுத்துப் பேசினார். இடையில், டார்வினின் பக்கம் நின்ற தாமஸ் ஹக்ஸ்லியைப் பார்த்து, குரங்கிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறாரே, அது பாட்டன் வழியிலா பாட்டி வழியிலா என்று கேட்டாராம். கூட்டம் சிரித்தது. ஹக்ஸ்லி எழுந்து, ஒரு பரிதாபமான குரங்கு தனக்குத் தாத்தாவாக இருப்பதில் வெட்கமில்லை, நல்ல திறமையும் செல்வாக்கும் இருந்தும் அவற்றைக் கனமான அறிவியல் விவாதத்தில் கேலியை நுழைக்கப் பயன்படுத்துகிற மனிதரைவிட அந்தக் குரங்கே மேல் என்கிற பொருளில் பதில் சொன்னார். மறுபடியும் சிரிப்பு, கைதட்டல்.

150 வருடங்களுக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதை இது. அறிவியல் மதத்தை மண்ணைக் கவ்வவைத்த நாள் என்று பாடப்புத்தகங்கள் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அன்று உண்மையில் யார் என்ன வாதம் வைத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. குரங்கும் தாத்தாவும்தான் ஞாபகம் இருக்கிறது.

இத்தனைக்கும் அங்கே பேசப்பட்டதை வார்த்தைக்கு வார்த்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்போது வெளிவந்த 'அதீனியம்' பத்திரிகையின் விரிவான செய்தியில் இந்தக் குரங்கு விவகாரமே கிடையாது. இன்று எல்லோரும் சொல்லும் வடிவம், கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணியின் நினைவுக் குறிப்பாக 1898-இல், அதாவது 38 வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் வந்தது. அன்று அங்கே இருந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் இரண்டு நாள் கழித்து டார்வினுக்கு எழுதிய கடிதத்தில், ஹக்ஸ்லியின் குரல் கூட்டத்துக்கு எட்டவில்லை என்றும், பிஷப்பின் வாதத்தை உடைத்தது தான்தான் என்றும் சொல்கிறார். பிஷப்போ தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆளுக்கொரு வெற்றி!

இன்னும் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. வில்பர்ஃபோர்ஸ் ஒன்றும் தெரியாத மனிதர் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். டார்வினின் புத்தகத்துக்கு அவர் எழுதிய நீண்ட மதிப்புரை 1860 ஜூலையில் 'குவார்டர்லி ரிவ்யூ'வில் வந்தது. அதைப் படித்துவிட்டு டார்வினே, மிகவும் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது, தன் கொள்கையில் ஊகமாக இருக்கும் பகுதிகளையெல்லாம் தேடிப் பிடித்துத் தாக்கியிருக்கிறார் என்று நண்பருக்கு எழுதினார். ஆக, பிஷப்பிடம் கேட்பதற்கு உருப்படியான கேள்விகள் இருந்தன. பெற்றோரின் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது? இடைப்பட்ட வடிவங்களின் படிமங்கள் ஏன் கிடைக்கவில்லை? 1860-இல் இவற்றுக்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. இவற்றை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் வரலாற்றில் அவர் பெயர் வேறு மாதிரி நின்றிருக்கும். ஒரு குரங்கு ஜோக் அவருடைய எல்லாக் கேள்விகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. தன் வாயாலேயே தன் வாதத்தைக் குழி தோண்டிப் புதைத்தவர் அவர்.

அன்றைய விவாதத்துக்கு வராத டார்வின் என்ன செய்திருந்தார்? தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுவதையும் தன் கொள்கையில் இருக்கும் சிரமங்களுக்கே ஒதுக்கியிருந்தார். மரபின் விதிகள் தெரியவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். முதல் பதிப்பில் தென் இங்கிலாந்தின் வீல்ட் பள்ளத்தாக்கு அரித்து உருவாக 30 கோடி வருடம் ஆகியிருக்கும் என்று போட்ட ஒரு கணக்கு சரியில்லை என்று பலரும் சொன்னதும், 1861-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார். தெரியாததைத் தெரியாது என்று எழுதியதால் புத்தகம் பலவீனப்படவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதை அடுத்து வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது. மரபின் விதிகளை மெண்டல் 1866-இல் வெளியிட்டார், உலகம் 1900-இல்தான் கவனித்தது. டார்வின் காலியாக விட்டிருந்த கட்டத்தில் அந்த விடை கச்சிதமாகப் பொருந்தியது.

ஹக்ஸ்லியும் தன் நகைச்சுவையால் மட்டும் மதிக்கப்பட வேண்டியவர் இல்லை. கடவுள் போன்ற விஷயங்களில் தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று சொல்லும் நிலைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தது. 1869-இல் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அவர்தான். எல்லோரும் தங்களுக்கு ஒரு முத்திரை வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில், 'தெரியாது' என்பதையே தன் முத்திரையாக வைத்துக்கொண்டவர். அதையெல்லாம் விட்டுவிட்டு உலகம் குரங்கைப் பிடித்துக்கொண்டது.

வில்பர்ஃபோர்ஸ் விஷயம் தெரிந்தவர், ஆனாலும் ஜோக்கில் சறுக்கினார். விஷயமே தெரியாமல் ஜோக் மட்டும் கைவசம் இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் ராபர்ட் கோடார்டு. ராக்கெட்டை மிக உயரத்துக்கு அனுப்புவது பற்றிய அவருடைய ஆய்வறிக்கையை ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்டது. ராக்கெட் நிலவு வரைகூடப் போகலாம் என்று அதில் ஒரு பேச்சு வந்தது. 1920 ஜனவரி 13-ஆம் தேதி 'நியூயார்க் டைம்ஸ்' இதைக் கிண்டல் செய்து ஒரு தலையங்கக் குறிப்பு எழுதியது. வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும், அங்கேதான் காற்றே இல்லையே என்பது அதன் கேள்வி. இயக்க விதியை மீறுவதற்கு ஐன்ஸ்டைனுக்கும் அவரைப் புரிந்துகொண்ட ஒரு டஜன் பேருக்கும்தான் உரிமை உண்டு என்று ஒரு குத்தல். உயர்நிலைப்பள்ளியில் தினமும் சொல்லித்தருகிற விஷயம்கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு குத்தல்.

படித்தவர்கள் ரசித்துச் சிரித்திருப்பார்கள். ஆனால் உயர்நிலைப்பள்ளிப் பாடம் தெரியாதவர் கோடார்டு இல்லை, எழுதியவர்தான். ராக்கெட் காற்றை உதைத்துக்கொண்டு போவதில்லை. தன் வாயிலிருந்து வேகமாக வெளியேறும் வாயுவின் எதிர்விசையால் போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! காற்று இருந்தால் அது தடைதான். இதை வெறும் காகிதக் கணக்காகவும் கோடார்டு விட்டுவிடவில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வெடிமருந்தை எரித்துப் பார்த்து, வெற்றிடத்திலும் உந்துவிசை கிடைக்கிறது என்று அளந்து, அதை அந்த அறிக்கையிலேயே எழுதியிருந்தார். கிண்டல் செய்தவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருந்தாலே போதும்.

ஒருவருக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. 1920-இல் ராக்கெட்டைப் பற்றி உலகத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தலையங்கம் எழுதியவர், வெற்றிடத்தில் இது எப்படி வேலை செய்யும் என்று நேராகக் கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி. பதில் வந்திருக்கும், வாசகர்களும் நியூட்டனின் விதியை இன்னொரு முறை புரிந்துகொண்டிருப்பார்கள். அதே கேள்வியை நக்கலாகக் கேட்டதால் பதிலுக்கு இடமில்லாமல் போய்விட்டது. கேள்வி என்பது திறந்த கதவு. நக்கல் அதைச் சாத்திவிட்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்று வெளியே நின்று சொல்கிறது.

கோடார்டு அதற்குப் பிறகு பத்திரிகைகளிடமிருந்து விலகியே இருந்தார். 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். இரண்டரை விநாடி, சுமார் 12 மீட்டர் உயரம். 1945-இல் இறந்துபோனார். அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, 'நியூயார்க் டைம்ஸ்' தன் பழைய குறிப்பைத் திருத்தி வருத்தம் தெரிவித்தது. நியூட்டன் சொன்னது மேற்கொண்டு நடந்த ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது என்கிற தோரணையில் அந்த வருத்தத்திலும் ஒரு நகைச்சுவை. இந்த முறை சிரிப்பு தன்னைப் பார்த்தே. நல்ல நகைச்சுவைதான். ஆனால் வந்து சேர 49 வருடம் ஆயிற்று.

தேர்தல் மேடையில் இது இன்னும் பச்சையாக நடக்கும். 1984-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ரொனால்ட் ரீகனுக்கு வயது 73. எதிர்த்து நின்ற வால்டர் மாண்டேலுக்கு 56. முதல் விவாதத்தில் ரீகன் தடுமாறினார், வயதாகிவிட்டதோ என்று பத்திரிகைகள் எழுதின. அக்டோபர் 21 அன்று இரண்டாவது விவாதத்தில், நெருக்கடி வந்தால் தூக்கமில்லாமல் நாள் கணக்கில் வேலை செய்ய உங்களால் முடியுமா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். சந்தேகமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வயதைத் தேர்தல் பிரச்சினையாக்க மாட்டேன், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்றார் ரீகன். அரங்கமே சிரித்தது, மாண்டேல் உட்பட. 50 மாநிலங்களில் 49-ஐ ரீகன் ஜெயித்தார். அந்த ஜோக் அற்புதமானது, மறுக்க முடியாது. ஆனால் சிரிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கேட்ட கேள்விக்குக் கிடைத்தது 'சந்தேகமே வேண்டாம்' என்ற உறுதிமொழி மட்டும்தான். கேள்வி நியாயமானது. பதிலை யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, ஏனென்றால் சிரித்த வாயால் மறுபடி அதையே கேட்பது அநாகரிகமாகத் தோன்றும்.

இதற்கெல்லாம் இவ்வளவு கவலை தேவையா, ஒரு ஜோக்தானே என்று தோன்றலாம். 1986 ஜனவரி 27-ஆம் தேதி இரவு நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் புறப்பட வேண்டும். ஃபுளோரிடாவில் அன்றிரவு கடுங்குளிர், வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கும் என்று முன்னறிவிப்பு. பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுடன் தொலைபேசியில் கூட்டம் போட்டார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போகும், சூடான வாயு கசியலாம், ஏவ வேண்டாம் என்றார்கள். அதுவரை ஏவியதிலேயே அதிகக் குளிரான நாளில் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அப்போதே வளையங்களைத் தாண்டிப் புகை கசிந்த தடம் இருந்தது. அதற்கும் கீழே போனால் என்ன நடக்கும் என்பதற்கு அவர்களிடம் எண்கள் இல்லை. தெரியாது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

பொதுவிவாதத்தில் அறியாமையை இவ்வளவு நேர்மையாக யாரும் முன்வைக்க முடியாது. பதிலுக்கு வந்தது என்ன? எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்று நாசா அதிகாரி ஒருவர் கேட்டதாக விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் இருக்கிறது. தியோகால் நிர்வாகிகள் தொலைபேசியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். தயங்கிய ஒரு மூத்த பொறியாளரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள் என்று மேலதிகாரி சொன்னார். அதுவும் பதிவாகியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஏவலாம் என்று அனுமதி போயிற்று.

இரண்டு வாக்கியங்களுமே கூர்மையானவை, நினைவில் நிற்பவை. வேறொரு சூழ்நிலையில் சிரிப்பைக்கூட வரவழைக்கும். இரண்டிலும் ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் காலை கிளம்பிய 73-ஆவது விநாடியில் சேலஞ்சர் சிதறியது. 7 பேர் இறந்தார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. விசாரணைக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன். பிப்ரவரி 11 அன்று, கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்த விசாரணையில், ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைச் சின்னக் கிடுக்கியில் இறுக்கி, மேசையில் இருந்த ஐஸ் தண்ணீர் தம்ளருக்குள் போட்டு வைத்தார். பிறகு வெளியே எடுத்துக் கிடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. அந்தக் குளிரில் இந்தப் பொருளுக்குச் சில விநாடிகளுக்கு நெகிழ்வே இல்லை, இது நம் பிரச்சினையோடு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன் என்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். பக்கம் பக்கமாக வரைபடங்களைக் காட்டிக் குழப்பிக்கொண்டிருந்த விஷயம், ஒரு தம்ளர் தண்ணீரில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இதுவும் மேடை சாமர்த்தியம்தான். நேரம் பார்த்து, கூட்டம் பார்த்து, கேமரா பார்த்துச் செய்யப்பட்டது. ஆனால் கைதட்டலைக் கழித்துப் பார்த்தால் தம்ளருக்குள் ரப்பர் மிச்சம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வீட்டில் போய்ச் செய்து பார்த்துக்கொள்ளலாம். 'அடுத்த ஏப்ரலிலா' என்பதைக் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே மிச்சமில்லை. இரண்டு சாமர்த்தியங்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். ஒன்று தெரிந்ததை எல்லோருக்கும் தெரியவைத்தது. மற்றொன்று தெரியவில்லை என்று சொன்னவர்களை வாயடைக்க வைத்தது.

ஆகவே விவாதத்தில் நகைச்சுவையே கூடாது என்று சொல்வது அபத்தம். சிரிக்கத் தெரியாத சபை சீக்கிரமே சண்டைக்குப் போய்விடும். இந்திர விழாவை ஒட்டிப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லும் மணிமேகலை, பகைவரோடு ஆனாலும் கோபமும் கலகமும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்கிறது. அந்த இதத்தை உண்டாக்க நகைச்சுவையைப் போல வேறு மருந்து இல்லை. மருந்தே சாப்பாடாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

திருவள்ளுவர் இதற்கு நிறையவே இடம் ஒதுக்கியிருக்கிறார். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஒன்று, அவையஞ்சாமைக்கு ஒன்று. கல்லாமைக்கும் புல்லறிவாண்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள். கல்லாமை வேறு, புல்லறிவாண்மை வேறு என்று அவர் பிரித்து வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முன்னது படிக்காதது. பின்னது, கொஞ்சம் அறிவை வைத்துக்கொண்டு எல்லாம் தெரியும் என்று நடந்துகொள்வது. முன்னதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பின்னதற்கு எங்கே போவது?

கல்லாதவர்கள் கற்றவர் முன்னால் பேசாமல் இருந்தால் அவர்களும் நல்லவர்களே என்கிறார் வள்ளுவர். அவர் காலத்து அவைக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைக்கு அதில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படுகிறது. எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது, எல்லோருடைய வாழ்க்கையும் யாரோ சிலர் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது. அணுமின் நிலையம் பற்றியோ, ஆற்று நீர் பற்றியோ, தடுப்பூசி பற்றியோ தெரியாதவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாராளமாகக் கேட்கலாம். தெரியாமல் கேட்கலாம், தெரிந்த மாதிரி கிண்டல் பண்ணக்கூடாது என்பதுதான் இன்றைக்கு வேண்டிய இலக்கணம்.

இது சொல்வதற்குச் சுலபம். நடைமுறையில் தராசு எப்போதும் நக்கலின் பக்கமே சாய்கிறது. ராக்கெட் எதைத் தள்ளும் என்று கேலி செய்ய ஐந்து விநாடி போதும். அதற்குப் பதில் சொல்ல வினை, எதிர்வினை, வாயுவின் வேகம் என்று ஒரு கரும்பலகை வேண்டும். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்கிற கூட்டமும் வேண்டும். செய்தி சேனல் விவாதங்களில் நாலைந்து பேருக்கு நடுவே யாருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அங்கே, இது எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தோற்றதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒரு சினிமா வசனத்தைச் சொல்லி வாரினால், அந்தத் துண்டுதான் மறுநாள் எல்லோருடைய செல்போனிலும் சுற்றுகிறது. 1860-இல் நடந்த கூட்டத்தில் குரங்கு மட்டும் ஞாபகம் இருக்க 38 வருடம் தேவைப்பட்டது. இன்றைக்கு ஒரு ராத்திரி போதும்.

பேசுகிறவர்களைத் திருத்துவது கஷ்டம். கைதட்டல் கிடைக்கிறவரை அவர்கள் அதைத்தான் செய்வார்கள். திருந்த வேண்டியதும் திருந்த முடிந்ததும் கேட்கிற கூட்டம்தான். கூட்டம் சிரிக்கக்கூடாது என்றில்லை. நல்ல ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பது அதைவிடப் பெரிய பொய். சிரித்து முடித்ததும் ஒரு நிமிடம் நின்று, அந்த வாக்கியத்திலிருந்து சிரிப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும். மிச்சம் ஏதாவது இருந்தால் அது வாதம். ஒன்றும் இல்லாவிட்டால், கேட்கப்பட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி கேட்க யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டும். சேலஞ்சர் கிளம்புவதற்கு முந்திய இரவு, அடுத்த ஏப்ரலா என்று கேட்ட பிறகு, அதிகாரம் உள்ள யாராவது ஒருவர், அது இருக்கட்டும், ரப்பர் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டிருந்தால் போதுமாக இருந்தது.

அப்படிக் கேட்கிறவர் ரசனை கெட்டவர் என்று பெயர் எடுப்பார். பரவாயில்லை. பட்டிமன்றத்தில் மாமியார் ஜோக்குக்கு எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்து ஓய்ந்த பிறகு, பின் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் மெதுவாக எழுந்து, "அதெல்லாம் சரிங்க, அவர் சொன்ன அந்த நாலு காரணம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், அந்தச் சபையில் விஷயம் தெரிந்தவர் அவர்தான்.